பஞ்சநதம் படகு மாற்றினார்

பூதலூர் வட்டத்தில் ஜெட் போட் வைத்திருந்த ஒரே ஆள் பஞ்சநதம்தான். பக்கத்து வட்டங்களில் தேடினாலும் இன்னொருவர் கிடைத்திருக்கமாட்டார். இங்கே ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களைவிட மணல் காய்கிற மாதங்கள்தான் அதிகம். படகு வாங்குவதற்கு முன்னால் யாராக இருந்தாலும் அதை யோசிப்பார்கள். பஞ்சநதமும் யோசித்தார். யோசித்துவிட்டுத்தான் வாங்கினார்.

அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. குடும்ப நிலத்தில் ஏழு மா, கொள்ளிடத்துக்கு நட்டநடுவில் ஆலந்திட்டு என்ற மேட்டில் கிடந்தது. நல்ல வண்டல். வாழை போட்டால் தார் ஒவ்வொன்றும் ஆளை இழுக்கும். கோடையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தே போய்விடலாம். மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டால் திட்டு தனித் தீவாகிவிடும். பரிசலில் போனால் ஒரு நடைக்கு எட்டுத் தார்தான் வரும். விசிறி வைத்த மோட்டார் படகில் போனால் மணலில் முட்டி விசிறி உடையும். பதினான்கு வருஷம் துபாயில் ஒரு படகுப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த பஞ்சநதத்துக்கு இதற்கு மருந்து தெரிந்திருந்தது. ஜெட் போட்டுக்கு வெளியே விசிறி கிடையாது. அடிவயிற்றால் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் பீச்சியடித்துக்கொண்டு ஓடும். முழங்கால் தண்ணீர் இருந்தால் போதும். ஊருக்குத் திரும்புகிறபோது பட்டறை முதலாளி கழித்துப் போட்டிருந்த ஜெட் போட் ஒன்றைக் கேட்டு வாங்கி, கன்டெய்னரில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். மற்றவர்கள் துபாயிலிருந்து டிவி கொண்டுவந்தார்கள்.

அந்தப் படகின் பக்கவாட்டில் இங்கிலீஷில் 'டெசர்ட் பிரின்சஸ்' என்று எழுதியிருந்தது. ஊர் அதை 'டெசட்டு' என்று சுருக்கிக்கொண்டது. ஒன்பது வருஷம் ஓடியது டெசட்டு. அதைக் கிளப்பினால் திட்டில் இருக்கிற கொக்கெல்லாம் அக்கரைக்கு, அரியலூர் மாவட்டத்துக்குப் போய்விடும். ரிவர்ஸ் கியர் துபாயிலேயே செத்துப்போயிருந்தது. நிறுத்த வேண்டுமென்றால் கரையில் போய் முட்ட வேண்டும். முட்டி முட்டிக் கரையில் ஒரு பள்ளமே விழுந்து, அதற்குப் 'பஞ்சநதம் துறை' என்று பேராகிவிட்டது. ஆகாயத்தாமரையைக் கண்டால் உறிஞ்சிக்கொண்டு மூச்சடைத்து நின்றுவிடும். அப்போது இடுப்புத் தண்ணீரில் இறங்கி, அடியில் கைவிட்டு, அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய கோளாறு ஸ்டியரிங். அது வலது பக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்ட பஞ்சநதம் உடம்பை இடது பக்கம் சாய்த்து, ஸ்டியரிங்கையும் கால் சுற்று இடது பக்கம் பிடித்துக்கொண்டேதான் ஓட்டுவார். ஒன்பது வருஷத்தில் அந்தச் சாய்வு உடம்போடு ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பந்தியில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தவர்கள் இலையை நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள்.

ஒன்பதாம் வருஷ முடிவில் டெசட்டின் இன்ஜினில் வெடிப்பு கண்டது. தட்டிக்கொட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் மாற்றித்தான் ஆகவேண்டும் என்று முடிவு செய்தார். சென்னையில் ஒரு கம்பெனி புது ஜெட் போட் விற்றது. பழையதை எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தது. அங்கே விற்பனை மேனேஜர் ரகுராமன் என்பவர். பூர்வீகம் கும்பகோணம் பக்கம் என்று போனிலேயே உறவு கொண்டாடினார்.

"கொள்ளிடம்னா எனக்கு உயிர் சார்" என்றார்.

"எப்ப பாத்தீங்க?"

"பாத்ததில்ல சார். டிரெயின்ல போறப்ப தூங்கிடுவேன்."

புதுப் படகு லாரியில் வந்து இறங்கிய அன்று, அதே லாரியில் டெசட்டு ஏறியது. பஞ்சநதம் கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, "பாத்துப் போ" என்றார். கேட்டுக்கொண்டிருந்த டிரைவர், "சரிங்க சார்" என்றார்.

படகு வந்ததில் ஒரே ஒரு சிக்கல். வந்தது ஜூலை மாதம். வாய்க்காலிலெல்லாம் குறுவைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொள்ளிடத்தில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. அங்கே தண்ணீர் வர வேண்டுமென்றால் கர்நாடகத்தில் மழை கொட்டி, மேட்டூர் நிரம்பி வழிய வேண்டும். ஆகவே வெள்ளைவெளேரென்று, நீலக் கோடு போட்ட புது ஜெட் போட், பஞ்சநதம் வீட்டுக் கொட்டகையில் உர மூட்டைக்கும் வைக்கோலுக்கும் நடுவே டிரெய்லரில் உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் ரகுராமன் கூப்பிட்டார். "சார், வண்டி எப்படி இருக்கு?"

"இருக்குங்க."

"புதுசா வாங்கினவங்க அவங்க அனுபவத்த ரெண்டு நிமிஷ வீடியோவா பேசி அனுப்பினா கம்பெனி ஒரு கிஃப்ட் தருது சார். முப்பது நாளைக்குள்ள அனுப்பணும். படகை மூடுற கவர். நல்ல கெட்டித் தார்ப்பாய்."

பஞ்சநதம் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் மனைவி ஈஸ்வரி, "எத்தனைக்கு எத்தனைன்னு கேளுங்க" என்றாள்.

ஈஸ்வரி அங்கன்வாடி டீச்சர். இருபத்தாறு வருஷமாக நான்கு வயதுப் பிள்ளைகளோடு பேசிப் பேசி, கலெக்டரே வந்தாலும் நான்கு வயதுப் பிள்ளையிடம் பேசுவதுபோலத்தான் பேசுவாள். தார்ப்பாய் இருபத்தைந்துக்குப் பத்து அடி என்று தெரிந்ததும் அவள் மனத்தில் அது படகுக்கு அல்ல, களத்தில் குவியப்போகும் நெல்லுக்கு என்று எழுதப்பட்டுவிட்டது. "இன்னிக்கே பேசிடுங்க. சமத்தா பேசணும்" என்று போனை எடுத்துக்கொண்டாள்.

பஞ்சநதம் படகில் ஏறி உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஈஸ்வரி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"வணக்கம். என் பேரு பஞ்சநதம். நான் புதுசா ஜெட் போட் வாங்கியிருக்கேன். தண்ணியில எப்படி ஓடுதுன்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியாது." கொஞ்சம் யோசித்தார். "கொட்டகையில நல்லா நிக்குது."

ரகுராமன் அதைப் பார்த்துவிட்டு, நல்லதாக நாலு விஷயம் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மறுநாள் பஞ்சநதம் நல்லதாகச் சொன்னார். "சீட்டு மெத்துன்னு இருக்கு. பழசுல உக்காந்தா ரெண்டு நாளைக்கு மல்லாந்து படுக்க முடியாது. டம்ளர் வைக்கிறதுக்கு நாலு குழி இருக்கு. ஆனா டபரா அதுல உக்காரல. செம்பும் உக்காரல. அந்த டிசைன் பண்ணவரு காபி குடிக்கமாட்டாரு போல இருக்கு."

மூன்றாவது வீடியோவில் ஆடு வந்தது. நான்காவதில் பஞ்சநதம் ஹாரனை அமுக்கிக் காட்ட, அடைகாத்துக்கொண்டிருந்த கோழி வைக்கோல் போரிலிருந்து பறந்து நேராக ஈஸ்வரியின் முகத்தில் வந்து மோதியது. அந்த வீடியோவில் கடைசி ஒரு நிமிஷம் ஓட்டுக்கூரை மட்டும்தான் தெரியும். அவள் கோழியைத் திட்டுவது கேட்கும்.

அங்கன்வாடிப் பிள்ளைகள் பத்தொன்பது பேரையும் அவள் ஒருநாள் வரிசையாக அழைத்துவந்து படகில் உட்காரவைத்தாள்.

"தாத்தா, இது எப்ப ஓடும்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"ஆத்துல தண்ணி வந்ததும்."

"எப்ப வரும்?"

"கர்நாடகாவுல மழை பெஞ்சதும்."

"எப்ப பெய்யும்?"

இந்தக் கேள்விக்குப் பெரிய பெரிய ஆட்களே பதில் சொல்லத் திணறுகிறார்கள் என்றார் பஞ்சநதம்.

இருபது நாள் இப்படிப் போயிற்று. புது வண்டியை வைத்துக்கொண்டு ஓட்டாமல் இருப்பது, பசியோடு பந்தியில் உட்கார்ந்து பரிமாறுகிறவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல. இருபத்தோராம் நாள் காலையில் பஞ்சநதம் பல் துலக்கிக்கொண்டே ஊர்க் குளத்தைப் பார்த்தார். வாய்க்கால் தண்ணீர் வந்து குளம் தளும்பிக்கொண்டிருந்தது.

கலந்தரைக் கூப்பிட்டனுப்பினார். கலந்தர் வாழை வியாபாரி; திட்டில் வெட்டுகிற தாரெல்லாம் அவருக்குத்தான் போகும். சவூதியில் சில காலம் லாரி ஓட்டியவர். அவரிடம் டிராக்டர் இருந்தது.

"குளத்துலயா?" என்றார் கலந்தர். "பஞ்சு, இந்தக் குளத்தை என் எருமை ஒரு மூச்சுல தாண்டும்."

"மெதுவா ஒரு சுத்து, பாய். தண்ணியில எப்படி இருக்குன்னு தெரியணும்ல? வீடியோவுல என்னத்தச் சொல்றது?"

டிராக்டரில் இழுத்து வந்து படகைக் குளத்தில் இறக்கினார்கள். வாத்துகள் வரவேற்க வந்தன. பஞ்சநதம் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சாவியைத் திருப்பினார். சத்தமே வரவில்லை. ஓடவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை திருப்பப் போனார். திரையில் விளக்குகள் எரிவதைப் பார்த்துத்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டார்.

டெசட்டில் ஆக்ஸிலேட்டரைப் பாதிவரை தள்ளினால்தான் அது இருமவே ஆரம்பிக்கும். அந்தப் பழக்கத்தில் பஞ்சநதம் பாதிவரை தள்ளினார்.

அடுத்து நடந்தது எல்லாம் நான்கு விநாடியில் முடிந்துவிட்டது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. வாத்துகள் நடக்கவும் இல்லை, நீந்தவும் இல்லை, பறந்தன. பஞ்சநதம் ஒன்பது வருஷப் பழக்கத்தில் உடம்பை இடது பக்கம் சாய்த்து, ஸ்டியரிங்கையும் இடது பக்கம் பிடித்திருந்தார். புதுப் படகு எந்தப் பக்கமும் இழுக்காது. அது எஜமான் சொன்னபடி இடது பக்கம் திரும்பியது. ரிவர்ஸ் லீவர் கைக்கெட்டும் தூரத்தில் புத்தம்புதிதாக இருந்தது. ஆனால் நிறுத்த வேண்டுமென்றால் கரையில் முட்ட வேண்டும் என்றுதான் அவர் கைக்குத் தெரியும். கிழக்குக் கரை சரிவான கரை. முட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. குளம் முடிந்தது, படகு முடியவில்லை. ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டே ஏறி, அரசமரத்தைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையார் கோயில் வாசலில் மூக்கை வைத்து நின்றது.

ஒரு கீறல் இல்லை. பஞ்சநதத்துக்கும் இல்லை, படகுக்கும் இல்லை.

அந்த அமைதியில் படகின் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் பதமாகச் சொன்னது: "வார்னிங். ஷாலோ வாட்டர்."

உள்ளே அர்ச்சனைத் தட்டோடு நின்ற குருக்கள் வெளியே எட்டிப் பார்த்தார். படகைப் பார்த்தார். அதில் உட்கார்ந்திருந்த பஞ்சநதத்தைப் பார்த்தார். "புது வண்டிக்குப் பூஜை போட்டேளோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க சாமி. தண்ணி வரட்டும்னு..."

"அதான் வண்டியே தானா வந்துடுத்தே."

அதற்குள் ஊர் கூடிவிட்டது. குருக்கள் சொன்னது சரி என்று எல்லோருக்கும் பட்டது. வந்த வண்டியைப் பூஜை போடாமல் அனுப்ப முடியாது. சந்தனம் வைத்தார்கள், மாலை போட்டார்கள். எலுமிச்சம்பழம் நான்கு வந்தது. அங்கேதான் தடங்கல். சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும். படகுக்குச் சக்கரம் ஏது? கால் மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் டிராக்டரை முன்னால் கட்டி, அதன் சக்கரத்துக்கு அடியில் வைத்து, படகு சார்பாக டிராக்டர் நசுக்கிக் கொடுத்தது.

"இன்னிக்கு என் டிராக்டருக்கும் பூஜை ஆச்சு" என்றார் கலந்தர்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஈஸ்வரி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "மெதுவா, சிந்தாம சாப்பிடணும்" என்றாள்.

ஜூலைக் கடைசியில் கர்நாடகத்தில் கொட்டித் தீர்த்தது. மேட்டூர் நிரம்பியது. படகு வந்த இருபத்தாறாம் நாள் ஆடிப்பெருக்கு. அதற்கு முதல் நாளே கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. முதலில் மணலை நக்கிக்கொண்டு ஒரு நூலாக வந்து, பிறகு நாலு நூலாகி, சாயங்காலத்துக்குள் ஆறாகிவிட்டது. மறுநாள் காலையில் அளவான நீரோட்டம். ஊர்ப் பெண்களெல்லாம் புதுப் புடவை கட்டிக்கொண்டு, காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு எல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள்.

பஞ்சநதம் இந்த முறை ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். ஆக்ஸிலேட்டரை விரல் நுனியால் தொட்டார். படகு வெண்ணெய்போல நகர்ந்தது. கொக்குகள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தன. அவருக்கு நெஞ்சு விம்மியது. இதைத்தான் ஒன்பது வருஷமாக அவர் காணாமல் இருந்திருக்கிறார். கரையிலிருந்து எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

உடம்பு சாய்ந்தது. கை சாய்ந்தது. படகு நின்ற இடத்தில் பம்பரமாக ஒரு முழுச் சுற்று சுற்றியது. ஆறு எழுந்து பின்னால் ஒரு சுவராக நின்று, அந்தச் சுவர் அப்படியே போய்க் கரையில் விழுந்தது.

தண்ணீர் வடிந்தபோது, முப்பது நாற்பது பெண்கள் தலைமுதல் கால்வரை நனைந்து நின்றார்கள். காப்பரிசி மிதந்தது. வரிசையில் முதலாவதாக நின்றவள் ஈஸ்வரி.

பின்வரிசையில் நின்ற மங்களாம்பிகை என்ற பெரியம்மா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னொருக்கா பண்ணச் சொல்லு ஈஸ்வரி, நான் சரியாப் பாக்கல" என்றாள். அவ்வளவுதான், கரை முழுக்கச் சிரிப்பு.

ஈஸ்வரி சிரிக்கவில்லை. புடவையைப் பிழிந்துகொண்டு, படகு கரைக்கு வந்ததும், லைஃப் ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறினாள். டெசட்டில் வழக்கமாக உட்கார்ந்ததுபோலப் பின் சீட்டுக்குப் போகவில்லை. பஞ்சநதத்துக்கு இடது பக்கம், அவர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

"நிமிந்து உக்காருங்க."

"நிமிந்துதான் உக்காந்திருக்கேன்."

"இல்ல. என் மேல சாயிறீங்க. கண்ணாடிக்கு நேரா மூக்கு இருக்கணும். ரெண்டு கையும் ஒரே உசரம். ம், சமத்து. இப்ப போங்க."

பென்சிலைக் கோணலாகப் பிடிக்கிற பிள்ளைக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பதில் இருபத்தாறு வருஷ அனுபவம். சாயலாம் என்று பார்த்தாலும் சாய இடமில்லை. அங்கே ஈஸ்வரி இருந்தாள். படகு கோடு கிழித்ததுபோல நேராகப் போனது. தண்ணீர் சலசலப்பதுகூடக் கேட்டது. "வார்னிங். ஷாலோ வாட்டர்" என்றது படகு.

"யாருங்க இவ, நை நைன்னு?"

"ஆழம் கம்மியா இருந்தா சொல்லுமாம்."

"கொள்ளிடத்துல எப்பவும் கம்மிதானே? நாள் பூரா சொல்லிக்கிட்டேதான் இருப்பாளா?"

"தமிழ் இல்லையாம். அரபி இருக்கு, மாத்திடவா? துபாய்ல கேட்டுப் பழகின காது."

"எதுலயும் வேணாம். வாய மூடச் சொல்லுங்க." பிறகு, அவருக்குப் பழகிப்போன ஒரு குரலில், "பெரிய வாய்க்கா ஓரம் தென்ன வைக்கணும்னு சொன்னேனே, எப்ப வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"எப்ப சொன்ன?"

"போன வருஷம். பழைய போட்ல போறப்ப. சரின்னு தலைய ஆட்டினீங்களே."

பஞ்சநதம் நினைத்துப் பார்த்தார். டெசட்டில் போகிறபோது ஈஸ்வரி பின் சீட்டில் உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டே வருவாள். பாட்டுப் பாடுகிறாள் என்றுதான் அவர் ஒன்பது வருஷமாக நினைத்திருந்தார்.

"நீ பேசிக்கிட்டா இருந்த?"

"பின்ன? வீட்டுலதான் என் தம்பி, உங்க தங்கச்சி, டிவி, போன்னு யாராவது இருந்துக்கிட்டே இருக்காங்க. நாம ரெண்டு பேரும் தனியா இருக்கிறதே இந்தப் படகுலதானேன்னு எல்லா முக்கியமான விஷயத்தையும் இங்கதான் கேப்பேன். நீங்களும் தலைய ஆட்டுவீங்க. வீட்டுக்குக் கிளிப்பச்சை அடிக்கலாமான்னு கேட்டேன். ஆட்டினீங்க."

வீட்டுக்குக் கிளிப்பச்சை அடித்தது மச்சான் பிரபுவின் வேலை என்று பஞ்சநதம் ஐந்து வருஷமாக அவனோடு சரியாகப் பேசுவதில்லை.

"லட்சுமிய என் அக்காவுக்குக் குடுத்துடலாமான்னு கேட்டேன்."

"பசுவையா? நான் சம்மதிச்சேனா?"

"நல்லா ஆட்டினீங்க. கும்பாபிஷேகக் கமிட்டில உங்க பேரக் குடுக்கட்டுமான்னு கேட்டேன். எனக்கு முட்டி வலி போகணும்னு வேளாங்கண்ணிக்கு வரேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன், கூட்டிக்கிட்டுப் போறீங்களான்னு மூணு வருஷமாக் கேக்கறேன். ஒவ்வொரு தடவையும் அவ்வளவு ஆசையா ஆட்டினீங்க. அப்புறம் வீட்டுக்கு வந்தா அதப் பத்திப் பேச்சே கிடையாது. சரி, ஆம்பளைங்க இப்படித்தான்னு விட்டுட்டேன்."

பஞ்சநதம் ஆக்ஸிலேட்டரை விட்டார். படகு மெதுவானது. அவர் நேர்மையான மனுஷன். எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

"ஈஸ்வரி, நான் தலையாட்டல."

"பின்ன?"

"இன்ஜின் ஆட்டுச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தொடர்ந்தார். "அந்தப் படகுல உக்காந்தா தலை தானா ஆடும். கொக்கு உக்காந்தாலும் ஆடும். நீ பேசின ஒரு வார்த்தைகூட என் காதுல விழுந்ததில்ல."

ஈஸ்வரி தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழப்போகிறாளோ என்று பஞ்சநதம் பயந்தார். அவள் தோள் குலுங்கியது. பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாள். ஈரப் புடவையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கமிட்டில நீங்க ஒரு வாரம் தேங்கா உரிச்சீங்களே!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

"ஏன் என் பேர் இருக்குன்னு எனக்கே தெரியல. சாமி காரியம், கேக்கக்கூடாதுன்னு உரிச்சேன்."

சிரிப்பு அடங்கியதும் அவருக்கு மனசு என்னவோபோல் ஆகிவிட்டது. ஒன்பது வருஷம் அவள் தன்னோடு பேசியிருக்கிறாள். துபாயில் இருந்த பதினான்கு வருஷத்தில் வாரம் ஒருமுறை போனில் பேசியதாவது அவர் காதில் விழுந்தது. பக்கத்தில் வந்த பிறகு அதுவும் இல்லாமல் போயிருக்கிறது. இன்ஜினை அணைத்தார்.

"இப்ப சொல்லு. ஒண்ணொண்ணா சொல்லு. எல்லாத்தையும் முதல்லேர்ந்து கேளு."

அவள் கேட்டாள். அவர் பதில் சொன்னார். சிலவற்றுக்குச் சரி என்றார்; சிலவற்றுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, முடியாது என்றார். மீசை எடுப்பது முடியாது. தென்னை வைக்கலாம். வேளாங்கண்ணிக்கு ஐப்பசிக்குள் கட்டாயம். படகு பாட்டுக்கு நீரோட்டத்தில் மிதந்துபோய், ஆலந்திட்டின் ஓரத்தில் தானாக ஒதுங்கியது. கரையிலிருந்து பார்த்த கலந்தர் புது இன்ஜின் நின்றுபோய்விட்டது என்று நினைத்து, துண்டை வீசி வீசிக் கத்தினார். இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

திட்டில் இறங்கியபோது ஈஸ்வரிக்குத் தார்ப்பாய் ஞாபகம் வந்தது. வாழைக்கு முன்னால் அவரை நிறுத்திவைத்துப் போனைப் பிடித்தாள். பஞ்சநதம் எதையும் யோசிக்கவில்லை.

"வணக்கம். பழசு வலது பக்கம் இழுக்கும், இது இழுக்காது. பழசுக்கு ரிவர்ஸ் கிடையாது, இதுக்கு உண்டு, ஆனா உங்க கைக்கு அது தெரிஞ்சிருக்கணும். ஆக்ஸிலேட்டரைப் பாத்துத் தொடணும், குளத்துலயெல்லாம் விடக்கூடாது. டபரா உக்காரல. இதெல்லாம் சின்ன விஷயம். பழைய படகுல ஒன்பது வருஷம் போனேன், என் சம்சாரம் பேசினது ஒண்ணும் கேக்கல. இதுல அரை மணி நேரம் போனேன், எல்லாம் கேட்டுது. இத வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுல கலந்துக்கிட்டு வாங்குங்க."

ரகுராமன் அன்று சாயங்காலமே கூப்பிட்டார். கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து இரண்டு தடவை பார்த்தார்களாம். "சத்தம் கம்மின்னு நாங்க எத்தனையோ விதமா விளம்பரம் போட்டோம் சார். இப்படிச் சொல்லத் தெரியல" என்றார். குளத்துக் கதையை மட்டும் வெட்டிவிட்டதாகச் சொன்னார். தார்ப்பாய் பத்தாம் நாள் வந்தது. ஈஸ்வரி அதைப் படகுப் பக்கமே போகவிடவில்லை. குறுவை அறுத்துக் களத்தில் குவித்திருந்த சமயம் பிடித்த மழையில், அந்தத் தெருவிலேயே நனையாமல் தப்பியது அவர்கள் நெல்தான்.

பிரபுவை அழைத்துப் பஞ்சநதம் மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை; மாமா தன்னோடு பேசாமல் இருந்ததையே அவன் கவனித்திருக்கவில்லை. பசுவைத் திருப்பிக் கேட்கப் போனபோது அது மூன்று கன்று போட்டிருந்தது. கடைசிக் கன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். ஐப்பசியில் வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போய்வந்தார்கள். ஈஸ்வரியின் முட்டி வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. படி ஏறும்போது மட்டும் இருக்கிறது.

பஞ்சநதம் இப்போது நேராகத்தான் நடக்கிறார், படகில் மட்டும் ஈஸ்வரி இல்லாவிட்டால் லேசாகச் சாய்வார். அதனால் ஒவ்வொரு நடைக்கும் அவளையும் அழைத்துக்கொண்டு போகிறார். அங்கன்வாடி விட்டதும் அவள் நேராகத் துறைக்கு வந்துவிடுகிறாள். போன வாரம் திட்டில் அடுத்த போகத்துக்கு வாழையில் பூவன் போடுவதா, மொந்தன் போடுவதா என்று ஆற்றின் நடுவில் பேச்சு முற்றிவிட்டது. நாற்பது தாரை ஏற்றிக்கொண்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு பேரும் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கரையில் லாரியோடு காத்திருந்த கலந்தர், "பஞ்சு, காய் பழுத்துடும்!" என்று கத்தினார். பஞ்சநதம் ஒரு கையைத் தூக்கி, கொஞ்சம் இருங்கள் என்று காட்டிவிட்டு, ஈஸ்வரி பக்கம் திரும்பினார்.

"மொந்தன்னு ஏன் சொல்ற, அதச் சொல்லு முதல்ல."